பச்சைப் பக்கம் திரும்பிய டோக்கன்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் குளிர் பிடிக்காது, தண்ணீர் பிடிக்காது, வரிசையில் நிற்பது சுத்தமாகப் பிடிக்காது. அப்படிப்பட்டவனைப் பிடித்து, பூமியின் கடைக்கோடியில் மனித வாடையே இல்லாத துருவப் பனிக்காட்டுக்குப் போகிற கப்பலில் ஏற்றிவிட்டாள் என் மகள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருடம் ஆனதற்குப் பரிசாம். "அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசைப்பா" என்றாள். அவள் அம்மா அந்த ஆசையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே ஃப்ரிட்ஜைத் திறந்து ஐஸ் தட்டைக் காட்டியிருப்பேன்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எங்கள் ஊரில் பாதிப் பேர் என்னிடம்தான் கற்றுக்கொண்டார்கள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் எனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, "கிளட்ச்! கிளட்ச்! கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியே வாழ்ந்தவன். சத்தம் என் தொழில். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி ஆணியில் மாட்ட முடியுமா? வீட்டிலும் பேசுவேன். என் மனைவி பேசமாட்டாள். ரொம்பப் பொருத்தமான ஜோடி என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கப்பல் என்றதும் பாட்டும் கூத்தும் என்று நினைத்துவிடாதீர்கள். இது சின்னக் கப்பல். நூறு பேர் போல இருந்தோம், முக்கால்வாசிப் பேர் கேமராவும் கையுமாக அலைகிறவர்கள். போகிற இடத்தில் துறைமுகமெல்லாம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும். அங்கிருந்து ரப்பர் படகில் பத்துப் பத்துப் பேராகக் கரைக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். கரை என்றால் கல், பனி, பெங்குவின், பெங்குவின் எச்சம். அந்த நாற்றத்தை எந்தப் போட்டோவிலும் எவனும் காட்டுவதில்லை.

இறங்குவதற்கு இருக்கிற சட்டதிட்டம் இருக்கிறதே, ஐயையோ! கீழ்த்தளத்தில் பூட்ஸ் அறை என்று ஒன்று. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸ் மாட்டி, மருந்துத் தண்ணீர்த் தொட்டியில் காலை வைத்து, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். நம் காலில் ஒட்டிய ஒரு விதைகூட அந்த மண்ணுக்குப் போகக் கூடாதாம். பெங்குவினை நெருங்கக் கூடாது. பனியில் உட்காரக் கூடாது. எதையும் தின்னக் கூடாது. ஒன்றுக்குப் போகவே கூடாது. "எல்லாத்தையும் கப்பல்லயே முடிச்சிட்டு வந்துடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் வெட்கமில்லாமல் சொல்வாள் கொடிப்பெண். கரையில் நாங்கள் நடக்க வேண்டிய வழியில் சிவப்புக் கொடி நடுவது அவள் வேலை என்பதால் நான் வைத்த பெயர் அது. என் மகள் வயது இருக்கும். குரல் மட்டும் என் குரலுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

பூட்ஸ் அறைக் கதவோரம் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு டோக்கன் தொங்கும். ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு. கரைக்கு இறங்கும்போது டோக்கனைச் சிவப்பாகத் திருப்ப வேண்டும், திரும்பி வந்ததும் பச்சையாக. பலகை முழுக்கப் பச்சை என்றால் எல்லோரும் கப்பலுக்குள் வந்தாயிற்று என்று அர்த்தம், கப்பல் கிளம்பிவிடும். "உங்க டோக்கனை நீங்கதான் திருப்பணும். வேற யாரும் தொடக் கூடாது" என்று முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னாள் கொடிப்பெண்.

எனக்கு அதெல்லாம் எங்கே நினைவிருக்கிறது? முதல் தடவை போய் வந்தபோது திருப்ப மறந்துவிட்டேன். நான் பாட்டுக்கு வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கிறேன், கப்பல் முழுக்க மைக்கில் என்னைத் தேடுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் பக்கத்து அறைப் பல் டாக்டர், "என்ன சார், கடல்லயா குளிச்சீங்க?" என்று பல்லைக் காட்டினார். மானம் கப்பலேறிவிட்டது. அதற்குப் பிறகு என் டோக்கனை என் மனைவியே பார்த்துக்கொண்டாள். நான் சொல்லவில்லை, அவளாகத்தான் செய்தாள். என் மாத்திரை, என் கண்ணாடி, என் பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறவளுக்கு இது ஒரு வேலையா? நான் பெஞ்சில் உட்கார்ந்து பூட்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டே, படகுக்காரனுக்கு வளைக்கத் தெரியவில்லை, எங்கே லைசென்ஸ் வாங்கினானோ என்று பேசிக்கொண்டிருப்பேன். அவள் போய் இரண்டு டோக்கனையும் திருப்பிவிட்டு வருவாள்.

அன்றைக்கு இறங்கிய இடம் ஒரு சின்ன வளைகுடா. இரண்டு பக்கமும் பனிமலை, நடுவில் கறுப்புக் கல் கரை. வெயில் பளிச்சென்று அடித்தது. எல்லோரும் பெங்குவினைப் பார்த்து ஆகா ஓகோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் பேசிக்கொண்டே நடந்தேன். என் மனைவி சட்டென்று நின்றாள்.

"கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன். பனி உடையுற சத்தம் கேக்குமாம்."

"பனி உடையுற சத்தமா? எங்கிட்ட முதல் நாள் கிளாசுக்கு வர்றவன் கியர் மாத்துறப்போ வந்து கேளு. இதைவிட நல்லாக் கேக்கும்" என்றேன்.

பக்கத்தில் நின்ற நாலு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "எனக்குக் குளிருது. இந்தப் படகுல நான் போறேன், நீங்க நல்லாப் பாத்துட்டு அடுத்ததுல வாங்க" என்றாள். போய் ஏறிக்கொண்டாள். நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் போன பிறகுதான் எனக்கு முட்டியது. காலையில் குடித்த காபி சும்மா இருக்குமா? படகுக்கு வரிசையில் நின்று, கப்பலேறி, பூட்ஸ் கழுவி, அதற்கப்புறம் உடுப்பைக் கழற்றி... நடக்கிற காரியமா அது? கொடிகளைத் தாண்டி யானை உயரத்துக்கு ஒரு பாறை தெரிந்தது. கொடிப்பெண் அந்தப் பக்கம் யாரையோ, "பெங்குவினை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்று விரட்டிக்கொண்டிருந்தாள். நான் நைசாக நழுவிவிட்டேன். அவள் கண்ணில் பட்டால் மறுபடியும் மைக்கில் பேர் வரும் என்று பாறைக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் நன்றாக இறங்கியே நின்றேன்.

லைஃப் ஜாக்கெட், அதற்கு உள்ளே சிவப்புக் கோட்டு, அதற்கும் உள்ளே வெங்காயத் தோல் போல ஒன்றுக்குள் ஒன்று. விறைத்த விரலால் அவிழ்த்து முடிப்பதற்குள் உயிர் போய்விட்டது. முடித்துவிட்டு மூடப் பார்த்தால் ஜிப் சிக்கிக்கொண்டது. போகவும் மாட்டேன் என்கிறது, வரவும் மாட்டேன் என்கிறது. ஜிப் தைத்தவனையும், விற்றவனையும், வாங்கிக் கொடுத்த என் மாப்பிள்ளையையும் வாயில் வந்தபடி திட்டினேன். அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. காதில் உஸ்ஸென்று அது ஒன்றுதான். நடுவே மோட்டார் சத்தம் கேட்டது போல இருந்தது. சரி, அடுத்த படகு வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜிப்பைச் சரிசெய்து, பாறையைச் சுற்றி வந்தேன். கரையில் ஒரு ஆள் இல்லை. ஒரு கொடி இல்லை.

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு கப்பலைப் பார்த்தேன். கடைசி ரப்பர் படகைக் கிரேனில் மேலே தூக்கிக்கொண்டிருந்தார்கள். காற்று திரும்பியதில் பனிக்கட்டிகள் வளைகுடாவுக்குள் திமுதிமுவென்று வந்துகொண்டிருந்தன. அவசர அவசரமாக எல்லோரையும் ஏற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. என்னைத் தவிர.

கத்தினேன். என் கத்தலுக்குப் பக்கத்துத் தெருவில் போகிறவன்கூட பிரேக் போடுவான். அங்கே அது என் உதட்டைத் தாண்டியதா என்றே தெரியவில்லை. லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு மேல் வீசி வீசி ஆட்டினேன். குதித்தேன். "ஏய்! ஏய்! நில்லுங்கடா!" கப்பல் மெதுவாக மூக்கைத் திருப்பியது. என் கண்ணால் பார்த்தேன். போனை எடுத்தேன். அங்கே எந்தக் கோபுரம் இருக்கிறது, சிக்னல் வருவதற்கு?

எனக்கு இருந்த ஒரே தைரியம் அவள்தான். நான் இல்லாதது அவளுக்குத் தெரியாமல் போகுமா? இந்நேரம் அறையில் இருப்பாள். படகெல்லாம் ஏறிவிட்டது, இவர் எங்கே என்று பார்ப்பாள். கதவைத் திறந்து ஓடுவாள். கேப்டன் சட்டையைப் பிடித்து உலுக்குவாள். இதோ இப்போது கப்பல் நிற்கும்.

கப்பல் நிற்கவில்லை.

சரி, அவள் பாத்ரூமில் இருக்கலாம். அல்லது சாப்பாட்டு அறையில் எனக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். மறுபடியும் முதலிலிருந்து கணக்குப் போட்டேன். எழுந்திருக்கிறாள், தேடுகிறாள், ஓடுகிறாள், சொல்கிறாள். இப்போது நிற்கும். கப்பல் பனிமலை முனையைத் தாண்டியது. முன்பாதி மறைந்தது. பிறகு பின்பாதியும் மறைந்தது.

உட்கார்ந்துவிட்டேன். பனியில் உட்காரக் கூடாது என்பார்களே, அதே பனியில்தான். ஒரு பெங்குவின் என்னைத் தாண்டிப் போனது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. செத்துப் போவேன் என்று நிச்சயமாகத் தெரிந்தது. அங்கே அந்த மாதத்தில் சூரியன் மறையாது. அதனால் பட்டப்பகல் வெளிச்சத்திலேயே விறைத்துச் சாக வேண்டும் என்பதும் தெரிந்தது. மகள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பிறகு அவள் அம்மாவைக் கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, தாடை அடித்துக்கொள்வதுகூட நின்றுவிட்டிருந்தது.

மோட்டார் சத்தம் கேட்டபோது நான் நம்பவில்லை. பனிக்கட்டிகளுக்கு நடுவே ஒரு ரப்பர் படகு நுழைந்து நுழைந்து வந்தது. கரை தட்டுவதற்குள் கொடிப்பெண் தண்ணீரில் குதித்துவிட்டாள். முகம் வெளிறி, பேயறைந்தவள் மாதிரி இருந்தாள். என் இரண்டு கையையும் பிடித்து, "சார், விரலை அசைங்க சார். அசையுதா? என்னைப் பாருங்க" என்றாள். திட்டத்தான் வாயெடுத்தேன், வரவில்லை. அவள் கம்பளியைச் சுற்றிப் படகில் ஏற்றினாள்.

"பலகை முழுக்கப் பச்சைன்னு கப்பல்லேருந்து சொன்னாங்க சார். அதனாலதான் கொடியை எடுத்தேன். உங்க டோக்கன் பச்சையா இருந்துச்சு" என்று அழுதாள்.

"யாரு... யாரு சொன்னா, நான் இல்லேன்னு?"

"உங்க வீட்டம்மாதான். ஓடி வந்தாங்க. ஒரு கால்ல செருப்புகூட இல்ல."

எனக்கு உடம்பெல்லாம் சூடு பரவிய மாதிரி இருந்தது. பார்த்தாயா, நான் போட்ட கணக்கு தப்பவில்லை. கொஞ்சம் தாமதமானாலும் ஓடித்தான் வந்திருக்கிறாள். "அவளால நான் இல்லாம ஒரு நிமிஷம் இருக்க முடியாதும்மா" என்று அந்தப் பெண்ணிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள்.

கப்பல் டாக்டர் என்னைச் சோதித்து, வெந்நீர்ப் பைகளுக்கு நடுவே படுக்க வைத்து, சூடாக எதையோ குடிக்கக் கொடுத்தார். உடம்பில் சூடு ஏற ஏற என் பழைய குரலும் வந்துவிட்டது. பிறகு கேப்டன் அறைக்குக் கூட்டிப்போனார்கள். கேப்டன் கனத்த ஆள். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார், அந்தக் குளிரிலும் அவருக்கு வேர்த்திருந்தது. சுவரோரம் கொடிப்பெண் தலையைக் குனிந்து நின்றாள். என் மனைவி என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, என் தோளில் நழுவிய கம்பளியை இழுத்துவிட்டாள்.

"டோக்கனை யாரு திருப்பினது?" என்று கேட்டார் கேப்டன்.

"நான்தான். என்னோடதைத் திருப்பினேன், கை பாட்டுக்கு இவரோடதையும் திருப்பிடுச்சு" என்றாள் என் மனைவி.

"அது பழக்கதோஷம்!" என்று நான் பாய்ந்தேன். "அவ எனக்கு எல்லாத்தையும் பாத்துப் பாத்துச் செய்யறவ, அதுல செஞ்சுட்டா. உங்க ஆளுங்களுக்கு எங்கய்யா போச்சு புத்தி? பலகையைப் பாத்தா போதுமா, தலையை எண்ண வேணாமா? இந்தப் பொண்ணு கரையைச் சுத்திப் பாத்திருக்க வேணாமா? மனுஷ உயிர்யா! முதல்ல இவளை வேலையை விட்டுத் தூக்குங்க!"

கேப்டன் கொடிப்பெண்ணைப் பார்த்தார். "இனிமே இவங்க கரைக்கு இறங்கமாட்டாங்க சார். துறைமுகம் போனதும் வீட்டுக்கு அனுப்பிடுவோம்" என்றார். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் முகவாய் வரைக்கும் வந்து நின்றது.

"அந்தப் பொண்ணை விடுங்க" என்றாள் என் மனைவி.

"நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

"எனக்குத் தெரியும். கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரியவில்லை. கேப்டனுக்கும் புரியவில்லை. "என்ன தெரியும் உங்களுக்கு?" என்று கேட்டார்.

"இவரு வரலைன்னு. ரூம் ஜன்னல்லேருந்து பாத்தேன். கடைசிப் படகைத் தூக்கிட்டு இருந்தாங்க. எல்லாரும் ரூமுக்கு வெளிய நடையில பேசிக்கிட்டுப் போறாங்க, இவரு குரல் மட்டும் இல்ல. அப்பவே புரிஞ்சுடுச்சு, இவரு டோக்கனையும் திருப்பிட்டேன்னு."

"அப்போ ஏம்மா உடனே வந்து சொல்லல?"

அவள் யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே என்று யோசிப்பார்களே, அந்த மாதிரி யோசித்தாள்.

"கெட்டில்ல தண்ணி வச்சிருந்தேன். அது கொதிக்கிற சத்தம் கேட்டுச்சு. எங்க வீட்டுலயும் கெட்டில் இருக்கு. அது கொதிக்கிறப்போ சத்தம் போடும்னே எனக்கு இத்தனை வருஷமாத் தெரியாது. டீ போட்டுக்கிட்டு உக்காந்தேன். இது முடியட்டும், போய்ச் சொல்லலாம்னு இருந்தேன்."

கொடிப்பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கேப்டன் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் நின்று எத்தனை கணக்குப் போட்டேன்! பாத்ரூமில் இருப்பாள் என்று போட்டேன், சாப்பாட்டு அறையில் இருப்பாள் என்று போட்டேன். அந்த டீ என் கணக்கில் எங்குமே இல்லை. நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இவளா? என் சட்டையில் ஒரு பட்டன் அறுந்தால் நான் பார்ப்பதற்கு முன்னால் தைத்துவிடுகிற இவளா?

கேப்டன் மெதுவாகக் கொடிப்பெண்ணிடம், "நீ போய்ப் படும்மா, நாளைக்குப் பேசிக்கலாம்" என்றார். நாங்களும் எழுந்தோம். என் மனைவி என் கையைப் பிடித்துப் படி இறக்கிக் கூட்டிப்போனாள். பிடித்த பிடி எப்போதும் போலத்தான் இருந்தது.

அறையில் ஜன்னலோரம் மேசைமேல் கோப்பை அப்படியே இருந்தது. ஆடை படிந்து, பாதி டீ மிச்சம். கட்டிலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் பெட்டியைத் திறந்து மாத்திரை எடுத்தாள்.

"முடிக்கலையா?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"இல்ல. எஞ்சின் சத்தம் மாறுச்சு. கப்பல் நெசமாவே போகுதுன்னு தெரிஞ்சுச்சு. அப்படியே வச்சிட்டு ஓடினேன்."

"பாதி குடிச்சிருக்கே."

"ஆமா. பாதி குடிச்சேன்."

மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். தண்ணீர் என் முழங்காலில் சிந்தியது. மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தேன். அழுவாள் என்று காத்திருந்தேன். அவள் கோப்பையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு" என்றாள்.

நான் மாத்திரையை விழுங்கினேன். அவள் கட்டிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் ஆயிற்று. "ஏதாவது பேசுங்களேன், பயமா இருக்கு" என்றாள். வாயைத் திறந்தேன். பேச எனக்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் நான் பேசத் தொடங்கினால் அவள் மனசு அந்தப் பாதி டீக்குப் போய்விடுமோ என்று கிலி பிடித்துக்கொண்டது. கப்பல் அந்த முனையைத் தாண்டி மறைந்தபோதுகூட நான் இப்படிப் பயப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.